முப்பது தொகுதி, முப்பத்து மூன்று உறுப்பினர்: புதுச்சேரி நியமன எம்.எல்.ஏ.க்கள்

வாசகர் ஒருவர் எழுதியது: "புதுச்சேரியில் நியமன எம்.எல்.ஏ.க்கள் மூன்று பேரை மாற்றியிருக்கிறார்கள். இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு? அவர்கள் சபையில் உட்காரலாம், பேசலாம், அவ்வளவுதான். ஓட்டுப் போட முடியாது. தமிழ்நாட்டில் முன்பு ஆங்கிலோ இந்திய உறுப்பினர் ஒருவர் இருந்தாரே, அதே மாதிரி அலங்காரப் பதவிதானே?"

18 ஜூலை 2025

ஓட்டுப் போடலாம். அலங்காரமும் இல்லை.

புதுச்சேரியில் மக்கள் தேர்ந்தெடுப்பது 30 பேரை. அதற்கு மேல் மூன்று பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம் என்று 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. அரசுப் பணியில் இருப்பவரை நியமிக்கக் கூடாது, அந்தப் பிரிவில் இருக்கும் நிபந்தனை அது ஒன்றுதான். கலை, இலக்கியம், அறிவியல், சமூக சேவை என்று மாநிலங்களவை நியமனத்துக்குச் சொல்லப்பட்டிருப்பது போல எதுவும் இல்லை. பட்ஜெட்டோ நம்பிக்கைத் தீர்மானமோ, தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு இருக்கும் அதே ஓட்டு நியமன உறுப்பினருக்கும் உண்டு. உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 6 அன்று இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

18 ஜூலை, இரவு

ஆங்கிலோ இந்திய உறுப்பினர் விஷயம் விட்டுப்போனது. அவருக்கும் சபையில் ஓட்டு இருந்தது. 234 பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. 2020 ஜனவரியில் 104ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தோடு அந்த இடம் போய்விட்டது.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். முப்பதுக்கு மூன்று என்றால் பத்தில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் அதே விகிதத்தில் டில்லி ஆள் அனுப்பினால் 23 பேர் வருவார்கள். கோட்டையில் எவ்வளவு சத்தம் கேட்டிருக்கும்!

19 ஜூலை

"2017க்கு முன்னால் யாரும் இதைப் பேசவில்லையே" என்று ஒருவர். பேசியிருக்கிறார்கள், ஆனால் இவ்வளவு சூடாக இல்லை. சூடு ஏறியதற்குக் காரணம் உண்டு.

2016 தேர்தலில் காங்கிரஸ் 15, திமுக 2, என்.ஆர். காங்கிரஸ் 8, அதிமுக 4, மாகேயில் ஒரு சுயேச்சை. பாஜகவுக்கு ஓர் இடமும் இல்லை. நாராயணசாமி முதல்வர், கிரண் பேடி துணைநிலை ஆளுநர். இரண்டு பேருக்கும் இடையே நடந்த மோதலைப் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஜூலையில் வி. சாமிநாதன், கே.ஜி. சங்கர், எஸ். செல்வகணபதி என்று மூன்று பேரை மத்திய அரசு நியமித்தது. மூவரும் பாஜக. சாமிநாதன் கட்சியின் மாநிலத் தலைவர். மாநில அரசிடம் பெயர் கேட்கவில்லை. துணைநிலை ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாசில் ஓர் இரவு பதவிப் பிரமாணம் முடிந்தது. அப்போதைய சபாநாயகர் வைத்திலிங்கம் இவர்களை ஏற்கவில்லை.

ராஜ்நிவாசுக்கும் சட்டப்பேரவைக்கும் நடுவில் பாரதி பூங்கா ஒன்றுதான். நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. பிரமாணம் எடுத்தவர்கள் அந்தப் பூங்காவைத் தாண்டி உள்ளே போக மாதக்கணக்கில் ஆனது. 2018 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நியமனம் செல்லும் என்றது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. மாநில அரசைக் கலந்து பேச வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, கட்சிக்காரரை நியமிக்கக் கூடாது என்றும் இல்லை.

சட்டத்தின் வாசகத்தைப் படித்தால் வேறு தீர்ப்பு வந்திருக்க வழியில்லை. கோபப்படுவதானால் 1963இல் அந்தப் பிரிவை எழுதியவர்கள் மீதுதான் கோபப்பட வேண்டும்.

20 ஜூலை

"சரி, அந்த மூன்று ஓட்டால் என்ன மாறியது?"

நாராயணசாமி அரசு நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்த 2021 பிப்ரவரி 22ஐ எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்பே ஏழு இடம் காலியாகிவிட்டது. தனவேலு தகுதி நீக்கம். நமச்சிவாயம், தீப்பாய்ந்தான், மல்லாடி கிருஷ்ணாராவ், ஜான்குமார், லட்சுமிநாராயணன், திமுகவின் வெங்கடேசன் ஆகியோர் ராஜினாமா. கடைசி இரண்டு பேர் வாக்கெடுப்புக்கு முந்தின நாள் போனார்கள். 33 பேர் சபை 26 ஆகச் சுருங்கியது.

ஆளும் பக்கம் காங்கிரஸ் 9, திமுக 2, சுயேச்சை 1. இந்தப் பன்னிரண்டில் ஒருவர் சபாநாயகர் சிவக்கொழுந்து. எதிர்ப்பக்கம் என்.ஆர். காங்கிரஸ் 7, அதிமுக 4, நியமன உறுப்பினர்கள் 3, மொத்தம் 14.

அந்த மூன்றைக் கழியுங்கள். இந்தப் பக்கம் 11, அந்தப் பக்கம் 11. சமநிலை வந்தால் சபாநாயகரின் ஓட்டு. ஆட்சி அன்று தப்பியிருக்கும். நாராயணசாமி சபையில் கடைசிவரை பேசியதும் நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டில்லை என்பதைத்தான். பேசி முடித்துவிட்டு வெளிநடப்புச் செய்தார். தீர்மானம் தோற்றதாகச் சபாநாயகர் அறிவித்தார், சில நாளில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது.

20 ஜூலை, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதை மீண்டும் படித்தால் மூன்று நியமனக்காரர்கள் சேர்ந்து ஓர் அரசைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது. அப்படிப் படிக்க வேண்டாம். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆறு பேர் ராஜினாமா செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கே வந்திருக்காது. அவர்களில் ஐந்து பேர் காங்கிரஸ். வீட்டுத் தூண் சாய்ந்த பிறகு கூரை விழுந்ததற்குக் கூரையை மட்டும் திட்டிப் பயனில்லை.

22 ஜூலை

சின்னதாக ஒன்று. உச்ச நீதிமன்றத்தில் நியமனத்தை எதிர்த்து வழக்காடியவர் யார் தெரியுமா? காங்கிரஸ் எம்.எல்.ஏ. லட்சுமிநாராயணன். வழக்குக்கே அவர் பெயர்தான். வாக்கெடுப்புக்கு முந்தின நாள் ராஜினாமா செய்த அதே லட்சுமிநாராயணன். பிறகு என்.ஆர். காங்கிரஸில் சேர்ந்து, ராஜ்பவன் தொகுதியில் ஜெயித்து, பாஜக கூட்டணி அமைச்சரவையில் பொதுப்பணித் துறை அமைச்சர் ஆனார்.

அவரோடு ராஜினாமா செய்த வெங்கடேசன் பாஜகவுக்குப் போய் 2021 மே மாதம் நியமன எம்.எல்.ஏ. ஆனார். அதே ஆண்டு ஜனவரியில் ராஜினாமா செய்த தீப்பாய்ந்தான், 2025 ஜூலையில் நியமன எம்.எல்.ஏ. ஆனார்.

புதுச்சேரி அரசியலை எழுத வருகிறவர்கள் நாவல் எழுத வேண்டியதில்லை. அரசிதழைத் தேதிவாரியாக அடுக்கினால் போதும்.

26 ஜூலை

"30 எம்.எல்.ஏ.வே உங்களுக்கு அதிகம்" என்று ஒரு சென்னை நண்பர் சீண்டியிருக்கிறார். 2021இல் மொத்த வாக்காளர் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். சராசரியாக ஒரு தொகுதிக்கு 33 ஆயிரம். தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேல். சென்னையில் ஒரு வட்டச் செயலாளர் கவனிக்கும் அளவுதான் இங்கே ஒரு எம்.எல்.ஏ.வின் ராஜ்ஜியம்.

ஆனால் அதன் மறுபக்கத்தை நான் தேர்தல் பணியில் பார்த்திருக்கிறேன். காரைக்கால் பக்கம் ஒரு வாக்குச்சாவடியில் எனக்கு வேலை. உள்ளே நுழைகிற வாக்காளரின் பெயரை நான் பட்டியலில் தேடி எடுப்பதற்குள் நான்கு கட்சி ஏஜென்ட்டுகளும் வரிசை எண்ணைச் சொல்லிவிடுவார்கள். "அவர் தம்பி துபாயில், வர மாட்டார்", "அந்தம்மா போன மாசம் தவறிட்டாங்க" என்று வீட்டுக் கதையோடு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களுக்குள் ஒரு கணக்குப் போட்டார்கள். மறுபடி எண்ணிக்கை நாளில் பார்த்தபோது அந்த பூத்தில் அது பெரிதாகப் பிசகவில்லை. இவ்வளவு சின்னத் தொகுதியில் வேட்பாளருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். காதுகுத்துக்கு வராத எம்.எல்.ஏ. அடுத்த முறை ஜெயிப்பது கஷ்டம்.

இன்னொரு காரணமும் உண்டு. இங்கே உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். அதற்கு முந்தியது 1968. நடுவில் 38 வருஷம். 2011இல் பதவிக்காலம் முடிந்த பிறகு மறுபடி ஒன்றுமில்லை. கவுன்சிலர் இல்லாத ஊரில் வாய்க்கால் அடைப்புக்கும் தெருவிளக்குக்கும் எம்.எல்.ஏ. வீட்டுக்குத்தான் போகிறோம். ஆக 30 பேரும் பாதி நேரம் கவுன்சிலர்கள்.

நியமன உறுப்பினருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவருக்குத் தெரு இல்லை.

27 ஜூலை

மாகே பற்றிக் கேட்டவருக்கு. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் பகுதிகளான மாகே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். புதுச்சேரியிலிருந்து மாகேக்கு சுமார் 650 கிலோமீட்டர், ஏனாமுக்கு சுமார் 840. முன்பு புதுச்சேரிப் பகுதிக்கு 21 இடம், காரைக்காலுக்கு 6, மாகேக்கு 2, ஏனாமுக்கு 1. தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு 23, 5, 1, 1. மாகேயில் பள்ளூர் தொகுதி போனது. காரைக்காலில் ஒன்று போனது, அந்தக் கோபம் எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது.

காரைக்கால்காரனாக ஒரு மூட்டையை இங்கே இறக்கி வைக்கிறேன். நியமிக்கிற மூன்று இடத்தில் ஒன்று, தூரத்தில் கிடக்கும் பகுதிக்கு என்று சட்டத்தில் எழுதியிருந்தால் அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். எழுதவில்லை.

ஏனாம்காரர்களைக் குறைத்து எடைபோட வேண்டாம். 2021இல் என்.ஆர். காங்கிரஸ் தலைவர் ரங்கசாமி தட்டாஞ்சாவடியிலும் ஏனாமிலும் நின்றார். தட்டாஞ்சாவடியில் ஜெயித்தார். ஏனாமில் ஒரு சுயேச்சையிடம் ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றார். முதல்வராகப் போகிறவர் என்று தெரிந்தேதான் தோற்கடித்தார்கள்.

2 ஆகஸ்ட்

நியமன உறுப்பினருக்கு ஓட்டே இல்லாத இடமும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி, பதில் விசித்திரமானது.

குடியரசுத் தலைவர் தேர்தலில் இல்லை. அரசியல் சட்டத்தின் 54ஆவது பிரிவு "தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள்" என்கிறது. புதுச்சேரி எம்.எல்.ஏ.க்களுக்கு அந்த உரிமை வந்ததே 1992இன் 70ஆவது திருத்தத்தால்தான். ஒரு புதுச்சேரி எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு 16. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 176. மாநிலங்களவைக்கான ஒரே இடத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மட்டுமே வாக்களிக்கலாம்.

அதாவது 16 மதிப்புள்ள ஓட்டை இவர்களிடம் கொடுக்க மாட்டார்கள். ஓர் அரசு இருக்கலாமா போகலாமா என்று தீர்மானிக்கும் ஓட்டைக் கொடுப்பார்கள்.

ஓட்டுதான் இல்லை, நிற்கத் தடையில்லை. 2017இல் நியமனமான செல்வகணபதி 2021இல் மாநிலங்களவைக்குப் போட்டியின்றித் தேர்வானார். புதுச்சேரியிலிருந்து போன முதல் பாஜக எம்.பி. அவர்.

3 ஆகஸ்ட்

முதலில் எழுதிய வாசகருக்கு, நியமன உறுப்பினருக்கு ஓட்டில்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. நகராட்சி, மாநகராட்சிகளில் நியமன உறுப்பினருக்கு ஓட்டில்லை. 243ஆர் பிரிவு அப்படியே எழுதியிருக்கிறது. டில்லி மேயர் தேர்தலில் சண்டை வந்து, 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நியமன உறுப்பினர்கள் வாக்களிக்க முடியாது என்றது. செய்திகளில் இரண்டும் கலந்துவிட்டன.

குப்பை வண்டி டெண்டருக்கு நியமன உறுப்பினர் கை தூக்கக் கூடாது என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். பட்ஜெட்டுக்குக் கை தூக்கலாமா என்று 1963இல் யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

5 ஆகஸ்ட்

"மூன்று இடத்தையும் ஒழித்துவிட்டால் முடிந்தது" என்று இரண்டு பேர். முதலில் நானும் அந்தக் கட்சிதான். டில்லி சட்டப்பேரவையில் 70 பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், நியமனம் கிடையாது, அங்கே வானம் இடிந்து விழவில்லை.

ஆனால் ஜம்மு காஷ்மீர்ச் சட்டத்தைப் பார்த்த பிறகு கொஞ்சம் தயங்குகிறேன். அங்கே துணைநிலை ஆளுநர் ஐந்து பேரை நியமிக்கலாம். இரண்டு பெண்கள், இடம்பெயர்ந்த காஷ்மீரிகளில் இருவர், அதிலும் ஒருவர் பெண், பாகிஸ்தான் வசமுள்ள பகுதியிலிருந்து வந்தவர்களில் ஒருவர். அந்த நியமனத்தையும் அங்குள்ள கட்சிகள் எதிர்க்கின்றன. இருந்தாலும், யாருக்காக இந்த இடம் என்ற கேள்விக்குச் சட்டத்தில் ஒரு பதிலாவது இருக்கிறது.

நம் சட்டப்பேரவையில் 2021இல் ஜெயித்த பெண் ஒரே ஒருவர், நெடுங்காடு சந்திர பிரியங்கா. புதுச்சேரியில் ஆண் வாக்காளர்களைவிடப் பெண் வாக்காளர்கள் அதிகம். அவர் அமைச்சரானபோது, 1980களின் தொடக்கத்தில் ரேணுகா அப்பாதுரைக்குப் பிறகு வந்த முதல் பெண் அமைச்சர் என்று எழுதினார்கள். 2023இல் அவரும் அமைச்சரவையிலிருந்து வெளியேறினார். 2017, 2021, 2025 என்று மூன்று முறை மூன்று மூன்று பேராக நியமித்தார்களே, அதில் ஒரு பெண்ணும் இல்லை. நடுவில் சங்கர் இறந்து அந்த ஓர் இடம் காலியானபோது வந்தவரும் ஆண்தான்.

தேர்தலில் ஜெயிக்க முடியாதவர்களைக் கொண்டுவரத்தான் நியமனம் என்று சொல்லப்படுகிறது. சரி. அப்படியானால் இங்கே ஜெயிக்க முடியாமல் இருப்பது யார்?

6 ஆகஸ்ட்

"மகளிர் இட ஒதுக்கீடு வந்தால் சரியாகிவிடும்." 2023 டிசம்பரில் புதுச்சேரிக்கும் அதைச் சேர்த்துத் தனித் திருத்தம் நிறைவேறியது. மூன்றில் ஒரு பங்கு, அதாவது பத்து இடம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மறுசீரமைப்பு எல்லாம் முடிந்த பிறகு. நியமன இடத்துக்கு அவ்வளவெல்லாம் காத்திருக்க வேண்டாம், ஓர் உத்தரவு போதும்.

9 ஆகஸ்ட்

பெண்களுக்கு, தொலைதூரப் பகுதிகளுக்கு என்று வகை குறித்து எழுதினால் போதும் என்ற என் யோசனையை ஒரு வழக்கறிஞர் நண்பர் நேற்று டீக்கடையில் பிரித்துப் போட்டார். "கட்சி மகளிரணித் தலைவியைப் போடுவாங்க. காரைக்கால் மாவட்டச் செயலாளரைப் போடுவாங்க. உங்க வகையும் நிரம்பிடும், அவங்க கணக்கும் நிரம்பிடும்." பதில் சொல்ல முடியவில்லை.

மாநில அமைச்சரவையின் பரிந்துரைப்படி நியமிக்கலாம் என்பது இன்னொரு யோசனை. அதில் எனக்கு நம்பிக்கை இன்னும் குறைவு. 16 இடத்தில் ஆட்சி பிடித்தவருக்கு உடனே 19 ஆகிவிடும். டில்லி செய்தால் தப்பு, நாம் செய்தால் சரி என்று எப்படிச் சொல்வது?

எனவே வகையும் வேண்டும், நம்பிக்கை வாக்கெடுப்பிலும் பட்ஜெட்டிலும் ஓட்டு இல்லை என்ற வரியும் வேண்டும். நகராட்சிக்கு எழுதிய வரியைச் சட்டப்பேரவைக்கும் எழுதினால் கட்சிக்காரரை நியமிக்கும் ஆசை பாதி குறைந்துவிடும். நியமிக்கிறவர்களுக்கு வேண்டியது அந்த ஓட்டுதான்.

16 ஆகஸ்ட்

இன்று சட்டபூர்வ இணைப்பு நாள், லீவு. கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றியிருப்பார்கள். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே நடந்த வாக்கெடுப்பில் 178 பேர் கலந்துகொண்டார்கள், 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். அந்த நவம்பர் 1 ஆட்சி கைமாறியது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16.

"அது மட்டும் மக்கள் வாக்கெடுப்பா?" என்று ஒருவர் கேட்பார் என்று தெரியும். இல்லை, பிரதிநிதிகளின் வாக்கெடுப்புதான். ஆனால் அந்த 178 பேரும் ஊர் ஊராக ஓட்டு வாங்கி வந்த பிரதிநிதிச் சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும்.

சரித்திரம் முழுக்க என் பக்கம் இருக்கிறது என்று சொல்லவும் முடியாது. 1963 ஜூலை 1இல் முதல் சட்டப்பேரவை உருவானபோது தேர்தலே நடக்கவில்லை. 39 பேர் கொண்ட பழைய பிரதிநிதிச் சபை அப்படியே சட்டப்பேரவையாகப் பெயர் மாறியது, எதுவார் குபேர் முதல்வரானார். 1964இல்தான் தேர்தல்.

17 ஆகஸ்ட்

பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஓட்டு உண்டா? இல்லை. பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியிலிருந்தே ஓட்டுப் போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பாரிஸ் அரசியலில் புலி. எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. பெயரைக் கேட்டால் யோசிப்பார்.

20 ஆகஸ்ட்

கடைசியாகக் கேட்ட கேள்வி: 2026 தேர்தலில் பெரும்பான்மைக்கு எத்தனை இடம்?

எண்ணிக்கை நாளில் எல்லாத் தொலைக்காட்சியிலும் 16 என்றுதான் போடுவார்கள். 30இல் பாதிக்கு மேல் 16. மூன்று நியமனமும் வந்த பிறகு சபை 33, பெரும்பான்மை 17. டில்லியில் ஆளும் கட்சிக்கு வேண்டாத கூட்டணி சரியாக 16 வாங்கினால் எதிரே 14உம் 3உம் சேர்ந்து 17. டில்லிக்கு வேண்டிய கூட்டணி என்றால் 14 இடமே 17 ஆகிவிடும். 2021இல் என்.ஆர். காங்கிரஸ் 10, பாஜக 6 என்று 16 வந்தது. ரங்கசாமி பதவியேற்றது மே 7. சில நாளில் கொரோனாவுக்குச் சென்னையில் சிகிச்சையில் இருந்தார். அப்போது நியமன உத்தரவு வந்தது. பாஜக 6இலிருந்து 9, முதல்வரின் கட்சி 10. கூட்டணிக்குள்ளேயே பேரம் பேசும் எடை ஒரே நாளில் மாறியது. அமைச்சரவை முழுதாக அமைய ஜூன் கடைசி ஆயிற்று.

ஆகவே நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் 17 என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டில்லி ஆதரவு இல்லாத கட்சி என்றால் 18 இருந்தால்தான் நிம்மதி. ஒருவர் சபாநாயகர் நாற்காலியில் போய் உட்கார வேண்டுமே.